நகர நடுவில் ஒரு ‘ஸ்பூன்ஸ்’: முதல்முறை பப்புக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் வந்தால் பிரிட்டனுக்குப் புது மாணவர்கள் வந்து இறங்குவார்கள். கூடவே என் போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகளும் வரும். “அண்ணா, வகுப்பில எல்லாரும் வெள்ளிக்கிழமை ஸ்பூன்ஸ் போகலாம்னு சொல்றாங்க. எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்ல. போய் என்ன பண்றது?” இன்னொருவர் அலுவலக வேலையாக மூன்று மாதம் வந்திருப்பார், டீமோடு போயாக வேண்டும். வேறொருவர் அப்பா அம்மாவோடு ஊர் சுற்றும்போது மழையில் மாட்டிக்கொண்டு, எதிரே தெரிந்த பெரிய கட்டடத்துக்குள் நுழையலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றபடியே கேட்பார். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

‘ஸ்பூன்ஸ்’ என்றால் என்ன?

ஜே டி வெதர்ஸ்பூன் என்ற பப் சங்கிலியை மக்கள் செல்லமாக அழைக்கும் பெயர். டிம் மார்ட்டின் என்பவர் 1979-இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் முதல் பப்பைத் திறந்தார். இப்போது நாடு முழுக்கச் சுமார் 800 கிளைகள். மார்ட்டின் சிறுவயதில் நியூசிலாந்தில் படித்தபோது, வகுப்பை அடக்கத் தெரியாத ஓர் ஆசிரியர் இருந்தாராம். அவர் பெயர்தான் வெதர்ஸ்பூன். முன்னால் உள்ள ‘ஜே டி’ ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்த பாத்திரத்திடம் கடன் வாங்கியது. மற்றபடி அந்தப் பெயரில் முதலாளி யாரும் கிடையாது.

நகர நடுவில் இருக்கும் கிளைகளில் பல, ஒரு காலத்தில் வேறு ஏதோவாக இருந்த கட்டடங்கள். லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் உள்ள ‘கிராஸ் கீஸ்’ முன்பு வங்கி. எடின்பரோவின் ஜார்ஜ் தெருவில் உள்ள ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’ பப்பும் வங்கிதான், அதன் பழைய பெட்டக அறையை இன்றும் பார்க்கலாம். கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் உள்ள ‘கவுண்டிங் ஹவுஸ்’ இன்னொரு வங்கி. மான்செஸ்டர் டீன்ஸ்கேட்டில் உள்ள ‘மூன் அண்டர் வாட்டர்’ சினிமா தியேட்டராக இருந்தது. டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஒரு ஆபெரா அரங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். ராம்ஸ்கேட் கடற்கரையில் 2017-இல் திறந்த ராயல் விக்டோரியா பெவிலியன்தான் இந்தச் சங்கிலியிலேயே பெரியது. பீரில் அக்கறை இல்லாவிட்டாலும் ஒருமுறை தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். அப்புறம் குனிந்து தரைவிரிப்பையும் பாருங்கள்: கிளைக்குக் கிளை தனி வடிவம், அந்தந்த ஊர்க் கதையோடு ஏதாவது தொடர்பு இருக்கும்.

நான் குடிப்பதில்லை. போனால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா?

மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் மனதில் ‘குடிக்கிற இடம்’ என்றவுடன் வரும் படம் டாஸ்மாக் பார்: இருட்டு, ஈரத்தரை, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் படத்தை இங்கே கொண்டுவராதீர்கள். காலை எட்டு மணிவாக்கில் இந்த பப்பைத் திறந்ததும் உள்ளே வருகிறவர்கள் யார் தெரியுமா? செய்தித்தாளோடு ஓய்வுபெற்ற பெரியவர்கள், இரவு ஷிப்ட் முடித்த செவிலியர்கள், லேப்டாப்பைத் திறந்துவைத்த மாணவர்கள், ரயிலுக்கு நேரமிருக்கும் குடும்பங்கள். காபி, டீ, ஆரஞ்சு ஜூஸ், கோலா, ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் கிடைக்கும். பல கிளைகளில் காபிக் கோப்பையை ஒருமுறை வாங்கினால் திரும்பத் திரும்ப நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் வந்து பில்லை நீட்டி எழுப்புவதில்லை. குளிர்காலத்தில் அறையில் ஹீட்டர் போடக் கணக்குப் பார்க்கும் மாணவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நண்பர்களோடு போகும்போது “எனக்கு லைம் சோடா” என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சோடாவில் கொஞ்சம் லைம் கார்டியல் (இனிப்பான எலுமிச்சைச் சாறு) ஊற்றித் தருவார்கள், விலையும் குறைவு. குழாய்த் தண்ணீர் கேட்டாலும் காசு வாங்கக்கூடாது. மது விற்கும் பப்புகளுக்கு இங்கிலாந்து, வேல்ஸில் 2010 முதல் அது உரிம நிபந்தனை.

உள்ளே நுழைந்ததும் யாரிடம் போய் நிற்க வேண்டும்?

யாரிடமும் இல்லை. “எத்தனை பேர் சார்?” என்று கேட்டு அழைத்துப்போய் உட்காரவைக்க ஆள் கிடையாது. நீங்களாகவே காலி மேசை தேட வேண்டும்.

நான் வந்த புதிதில் ஒரு பப்பில் (பெயர் வேண்டாம்) மூலையில் உட்கார்ந்து, சர்வர் வருவார் வருவார் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போன பையன் இரண்டு முறை சிரித்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை பாவப்பட்டு, “கவுண்டருக்குப் போய் வாங்கணும்” என்றான். பழக்கமில்லாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே முதலில் மேசை. மேசையில் ஓர் எண் ஒட்டியிருக்கும் அல்லது பதித்திருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் இடத்தைப் பிடிக்க, இன்னொருவர் கவுண்டருக்குப் போகலாம். தனியாகப் போனால் நாற்காலியில் கோட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். பையையும் போனையும் விட்டுப் போகாதீர்கள். நகர நடுவில் திருட்டு உண்டு.

பெரிய மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால், “இங்கே யாராவது வருகிறார்களா?” என்று கேட்டு மறுமுனையில் உட்காரலாம். பெரும்பாலும் தலையாட்டிவிட்டுத் தன் போனுக்குத் திரும்பிவிடுவார்.

கவுண்டரில் கூட்டம் மொய்க்கிறது. வரிசையையே காணோமே?

வரிசை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கவுண்டர் நீளத்துக்கு ஆட்கள் பக்கவாட்டில் நிற்பார்கள். யார் முதலில் வந்தார், யார் பிறகு வந்தார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும், உள்ளே இருக்கும் பணியாளருக்கும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, போய் நின்றதும் உங்களுக்கு முன்பே யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொள்வதுதான். அவர்கள் வாங்கியதும் உங்கள் முறை.

பணியாளர் தவறுதலாக உங்களிடம் முதலில் வந்தால், பக்கத்தில் இருப்பவரைக் காட்டி “அவர் எனக்கு முன்னால்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. மாறாக, விரலைச் சொடுக்குவது, கூப்பிடுவது, நோட்டை ஆட்டுவது எல்லாம் உங்களைக் கடைசிக்குத் தள்ளும். கையில் கார்டை வைத்துக்கொண்டு, பணியாளரின் கண்ணில் படும்படி நின்றால் போதும்.

கொரோனாவுக்குப் பிறகு சில பப்புகளில் நம் ரேஷன் கடை போல ஒருவர் பின் ஒருவராக நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. பழைய ஆட்களுக்கு அதைக் கண்டால் எரிச்சல். உங்களுக்கு எதற்கு வம்பு? வரிசை இருந்தால் வரிசையில் நில்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி, அது வந்த பிறகு அடுத்ததைச் சொன்னால் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். பட்டியலில் கின்னஸ் (ஒரு கறுப்பு பீர்) இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். அதைப் பாதி ஊற்றி, நுரை அடங்கவிட்டு, மீதியை ஊற்றுவார்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

எனக்குக் கூச்சம். கவுண்டருக்குப் போகாமலே வாங்க முடியுமா?

முடியும். வெதர்ஸ்பூனின் ஆப் 2017-இல் வந்தது. கிளையைத் தேர்ந்தெடுத்து, மேசை எண்ணைத் தட்டி, கார்டில் கட்டினால் மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள். உச்சரிப்புப் பயம் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். விலையும் கலோரியும் திரையிலேயே தெரிவதால் கணக்குப் பார்க்கவும் வசதி.

வேறு ஊரில் இருக்கும் நண்பர் உங்கள் மேசைக்கு ஏதாவது வாங்கி அனுப்பவும் இதில் வழி உண்டு. பிறந்தநாளுக்கு நல்ல பீர் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த பட்டாணி வந்து சேரும். இந்த விளையாட்டுக்கென்றே மேசை எண்ணை இணையத்தில் போட்டு, முகம் தெரியாதவர்கள் என்ன அனுப்புவார்கள் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் கூட்ட நேரத்தில் ஆப்பில் வாங்கினால் கவுண்டரைவிடத் தாமதமாகலாம். எண்ணை மாற்றித் தட்டிவிட்டால் உங்கள் சாப்பாடு வேறு மேசைக்குப் போய்விடும். பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

வயதுக்குச் சான்று கேட்பார்களா?

கேட்பார்கள், முப்பது வயதுக்காரர்களிடமும் சில சமயம் கேட்பார்கள். சட்டப்படி மது வாங்க 18 வயது போதும் (தமிழ்நாட்டில் 21). ஆனால் 25 வயதுக்குக் கீழ் இருப்பதாகத் தோன்றினாலே சான்று கேட்பது பல கடைகளின் வழக்கம். கோபப்பட வேண்டாம். 18 நிரம்பாதவருக்கு விற்றால் மாட்டிக்கொள்வது கவுண்டரில் நிற்கும் பணியாளர்தான்.

பாஸ்போர்ட் எங்கும் செல்லும், ஆனால் அதை இரவில் பையில் வைத்துக்கொண்டு சுற்றுவது எனக்குப் பிடிக்காது. ஓராண்டுப் படிப்புக்கு வந்தவர்கள்கூட இங்கே புரொவிஷனல் டிரைவிங் லைசென்ஸ் (நம் ஊர் எல்.எல்.ஆர். போல) வாங்கிக்கொள்ளலாம். கார் ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் அடையாள அட்டையாக உதவும். போனில் எடுத்த பாஸ்போர்ட் புகைப்படத்தை நம்பிப் போகாதீர்கள்.

பைன்ட், ஹாஃப், சிங்கிள்: அளவுகள் குழப்புகின்றன.

ஒரு பைன்ட் 568 மில்லி. ஹாஃப் அதில் பாதி. மூன்றில் ஒரு பங்கும், 2011 முதல் மூன்றில் இரண்டு பங்கும் சட்டப்படி உண்டு. முதல்முறை என்றால் ஹாஃப் வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. விஸ்கி, ஜின் போன்றவற்றில் ஒரு அளவுதான் சிங்கிள்: பெரும்பாலும் 25 மில்லி, சில இடங்களில் 35. ஒயின் 125, 175, 250 மில்லி. ‘லார்ஜ்’ என்றால் 250 மில்லி, அதாவது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. தெரியாமல் தலையாட்டிவிடாதீர்கள்.

நாலு சதவீத பீர் ஒரு பைன்ட்டில் சுமார் 2.3 யூனிட் (ஆல்கஹாலை அளக்க இங்கே வழங்கும் அலகு) இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது இங்குள்ள மருத்துவ ஆலோசனை. ஏறத்தாழ ஆறு பைன்ட்.

பீர் ஏன் சூடாக இருக்கிறது?

சூடில்லை, நிலவறைக் குளிர்ச்சி. நமக்குத் தெரிந்த பீர் பெரும்பாலும் லாகர். அது பனிக்கட்டி மாதிரி வரும். நீளமான கைப்பிடியை இழுத்து இறக்குவது காஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும், வெளியிலிருந்து வாயு ஏற்றமாட்டார்கள். சுமார் 12 டிகிரியில்தான் அதன் ருசி தெரியும் என்பார்கள். பிடிக்குமா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள், சின்ன கிளாஸில் தருவார்கள். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மட்டும் கேட்காதீர்கள்.

பட்டியலில் ஐ.பி.ஏ. என்று பார்ப்பீர்கள். விரித்தால் இந்தியா பேல் ஏல். கம்பெனி காலத்தில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக, கெட்டுப்போகாமல் இருக்க கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகப் போட்டுக் கப்பலில் அனுப்பிய பீர். லண்டனில் ‘போ’ (Bow) என்ற பகுதியின் மதுவாலை இந்த வியாபாரத்தில் முன்னால் நின்றது, பிறகு பர்ட்டன் நகரத்தார் பிடித்துக்கொண்டார்கள். கடல் பயணத்துக்கென்றே யாரோ ஒருவர் கண்டுபிடித்தார் என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வகை பீர் அதற்கு முன்பே இங்கே இருந்தது.

நான் சைவம். என்ன கவனிக்க வேண்டும்?

மெனுவில் சைவத்துக்கும் வீகனுக்கும் (பால், முட்டைகூட இல்லாதது) தனிக் குறிகள் இருக்கும். ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு), வெஜ் பர்கர், பீன்ஸ் டோஸ்ட், சைவக் காலை உணவுத் தட்டு என்று சமாளிக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சட்டி. சிப்ஸில் (இங்கே அது நம் பிரெஞ்ச் ஃபிரைஸ் மாதிரி) இறைச்சி இல்லைதான். ஆனால் மீனோ கோழியோ பொரித்த அதே எண்ணெயில் பொரித்திருக்கலாம். கண்டிப்பானவர்கள் கேட்டுவிடுங்கள். உணவில் உள்ள 14 வகை ஒவ்வாமைப் பொருட்களின் விவரத்தைத் தருவது இங்கே சட்டக் கடமை, ஆகவே கேள்வி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கிரேவி. பழுப்பு நிறக் குழம்பைக் கண்டால் நம்பாதீர்கள், மாட்டிறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘பை’ (மாவுக்குள் வைத்துச் சுட்டது) வகைகளிலும் கவனம்.

மூன்றாவதுதான் எல்லோரையும் திடுக்கிட வைப்பது: பீரிலேயே மீன் இருக்கலாம். காஸ்க் ஏலைத் தெளியவைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். மீனின் காற்றுப்பையைக் காயவைத்துச் செய்வது அது. ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், கிளாஸில் துளிதான் இருக்கும், இருந்தாலும் மீன் மீன்தானே. கின்னஸ் 2010-களின் பிற்பகுதியில் இதைக் கைவிட்டது. பல லாகர்களில் இது கிடையாது. “இது வீகனா?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். “நான் முட்டைகூடத் தொடமாட்டேன்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இரண்டு ஆண்டுகளாக ஏல் குடித்துவந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது.

அங்கே கிடைக்கும் கறி எப்படி?

வியாழக்கிழமை கறி நாள் என்பது இந்தச் சங்கிலியின் நெடுநாள் வழக்கம். சோறு, நான் ரொட்டி, அப்பளம், மாங்காய்ச் சட்னி, கூடவே குடிக்க ஏதாவது ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரே விலை. சிக்கன் டிக்கா மசாலா இருக்கும். மங்களூரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு காலிஃபிளவர்–கீரைக் கறியும் மெனுவில் பார்த்திருக்கிறேன். மங்களூர்க்காரர் யாராவது பார்த்தால் என்ன சொல்வாரோ! பொதுவாக பிரிட்டிஷ் கறிக்கு ஒரு இனிப்புத்தனம் உண்டு. அதைத் தனி வகைச் சாப்பாடாக நினைத்துச் சாப்பிட்டால் பசி அடங்கும். அம்மா கைக் குழம்போடு ஒப்பிட்டால் கெட்டது கதை. வேல்ஸின் கார்டிஃப் பக்கம் போனால் கறிக்கு ‘பாதி சோறு பாதி சிப்ஸ்’ கேட்பார்கள். சிரிக்காமல் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், நான் மாறிவிட்டேன்.

‘ரவுண்டு’ என்கிறார்களே, என்ன அது?

நாலு பேர் போனால் ஒவ்வொருவரும் தனக்குத் தானே வாங்குவதில்லை. ஒருவர் எழுந்து நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். முதல் உலகப்போர்க் காலத்தில், 1915-இல், மற்றவருக்கு வாங்கித் தருவதையே அரசு தடை செய்து பார்த்தது. ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் அளவுக்கு மீறிக் குடிக்கிறார்கள் என்று கவலை. போர் முடிந்தது, பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

உங்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், நீங்கள் குடிப்பது கோலா, உங்கள் முறையில் வாங்க வேண்டியது நாலு பைன்ட். மாணவர் பட்ஜெட்டுக்கு இது அடி. தொடக்கத்திலேயே “நான் ரவுண்டில் இல்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மூன்று ரவுண்டு வாங்கிக் குடித்துவிட்டு, தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிற ஆளைத்தான் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள்.

டிப்ஸ்?

கவுண்டரில் வாங்கினால் வேண்டாம்.

கழிப்பறை எங்கே இருக்கும்?

தொலைவில். பழைய வங்கியையும் தியேட்டரையும் மாற்றிக் கட்டினால் அப்படித்தான் ஆகும். படிக்கட்டு ஏறி, நடந்து, திரும்பி, மறுபடி இறங்கி என்று ஒரு சின்னப் பயணம் போக வேண்டியிருக்கும். இதை வைத்து இங்குள்ளவர்களே கேலி பேசுவார்கள். அவசரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால், கீழ்த்தளத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைக் கேளுங்கள், சாவி தருவார்கள்.

குழந்தைகளோடு, அப்பா அம்மாவோடு போகலாமா?

பகலில் தாராளமாகப் போகலாம். குழந்தைகள் பெரியவர் ஒருவரோடு வந்து சாப்பிட வேண்டும். மாலையில் ஒரு நேரத்துக்கு மேல் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரம் கிளைக்குக் கிளை மாறும், வாசலில் எழுதியிருக்கும்.

பெரும்பாலான வெதர்ஸ்பூன்களில் பாட்டு கிடையாது. அது அவர்களின் கொள்கை. அதனால் பகலில் பெரியவர்களோடு நிம்மதியாகப் பேச முடியும். என் அம்மா முதலில் வாசலில் நின்று “இதுக்குள்ளயா?” என்றார். அரை மணி நேரம் கழித்து, பக்கத்து மேசைக் கிழவி தனியாக உட்கார்ந்து சூப் குடிப்பதைப் பார்த்து, “பாவம், பேச ஆளில்லாம இங்க வந்து உக்காந்திருக்கா போல” என்றார். அதற்கடுத்த வாரம் அவரே “அந்தக் கம்பளம் போட்ட காபிக் கடைக்குப் போலாமா?” என்று கேட்டார்.

எப்போது போகாமல் இருப்பது நல்லது?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு மேல், சனிக்கிழமை மதியத்திலிருந்து, உள்ளூரில் கால்பந்து ஆட்டம் இருக்கும் நாளில். ஆட்ட நாளில் கண்ணாடிக் கிளாஸுக்குப் பதில் பிளாஸ்டிக் கிளாஸ் தருவார்கள், வாசலில் காவலர் நிற்பார், எதிரணிச் சட்டை போட்டவரை உள்ளே விடாமலும் போகலாம். உங்களுக்குக் கால்பந்து தெரியாவிட்டாலும், நிறம் பிடித்தது என்று வாங்கிய ஜெர்சி வம்பில் மாட்டிவிடக்கூடும். முதல்முறை போக ஏற்ற நேரம் வார நாளில் காலை பத்து பத்தரை.

பெண்கள் தனியாகப் போகலாமா?

பகலில் பலர் போகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. இரவில் யாராவது தொந்தரவு செய்தாலோ, கூட வந்தவரிடமிருந்து விலகிப் போக வேண்டுமென்றாலோ கவுண்டரில் போய் “ஏஞ்சலா இருக்கிறாரா?” என்று கேளுங்கள். 2016-இல் லிங்கன்ஷயரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. இதில் சேர்ந்த பப்புகளில் பணியாளருக்கு அதன் பொருள் புரியும்; தனியே அழைத்துப்போய் டாக்சி பிடித்துத் தருவதோ பாதுகாவலரைக் கூப்பிடுவதோ செய்வார்கள். பேச்சு வராவிட்டாலும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். உங்கள் கிளாஸைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இது ஆண்களுக்கும்தான்.

ஒரே ஒரு பீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

வேண்டாம். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம்வரை சட்டம் விடுகிறது, ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50, இந்தியாவில் 30. இங்கே அளவு தாராளமாக இருக்கிறதே என்று கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்புக்கு உடம்பு மாறும். மாட்டினால் லைசென்ஸ் போகும், குற்றப் பதிவு விசா விண்ணப்பம்வரை வந்து நிற்கும்.

கிளம்பும்போது ஏதாவது சொல்ல வேண்டுமா?

மூடும் நேரம் நெருங்கினால் கவுண்டரில் மணி அடிப்பார்கள் அல்லது குரல் கொடுப்பார்கள். அதுதான் கடைசியாக வாங்க வாய்ப்பு. கையில் இருப்பதை முடிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். பணம் முன்பே கட்டிவிட்டதால் பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம், எழுந்து போகலாம். காலிக் கிளாஸைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. வைத்தால் உள்ளிருந்து “சியர்ஸ்” என்று ஒரு குரல் வரும். அந்த இடத்தில் அதற்கு நன்றி என்று பொருள்.